கொம்பையா என்ற பெயரின் எல்லை

மறுகால்துறைப் பேருந்து நிலையத்தில் சைக்கிள் கடை உச்சிமாகாளியின் மண்டையில் சோடா பாட்டில் விழுந்தபோது, ஊரிலிருந்த மற்ற உச்சிமாகாளிகள் எல்லோருக்கும் அதே இடத்தில் மண்டை உடைந்தது. அவர்களில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்று பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார், ஒருவர் சம்பந்தி வீட்டில் இலை முன் உட்கார்ந்து சாம்பாருக்காகச் சோற்றில் குழி செய்துகொண்டிருந்தார், ஒருவன் தென்னை உச்சியில் காய் வெட்டிக்கொண்டிருந்தான். தென்னையில் இருந்தவன் ரத்தம் கண்ணை மறைக்கப் பிடி நழுவிக் கீழே விழுந்து இடுப்பு ஒடிந்ததும், கணக்கு வாத்தியாரும் சம்பந்தியும் சைக்கிள் கடைக்காரனும் அவரவர் இருந்த இடத்திலேயே இடுப்பு ஒடிந்து சரிந்தார்கள். காலை பஸ்ஸில் ஏறி ஆற்றுப்பாலத்தைத் தாண்டிவிட்டிருந்த ஓர் உச்சிமாகாளிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவர் ஜன்னலோரம் கடலை தின்றபடி திருநெல்வேலிக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்தார்.

ஏன் இப்படி என்று ஊரில் யாரும் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மூத்த பிள்ளைக்குக் குலசாமி பெயரை வைக்கிற ஊர் அது. சாமிகள் கொஞ்சம், பிள்ளைகள் அதிகம், எந்தத் தெருவில் நின்று எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இத்தனை காலமும் ஒரே பெயரில் குடியிருந்தவர்கள் இனிமேல் ஒரே உடம்பிலும் குடியிருக்க வேண்டும் போல என்று எடுத்துக்கொண்டார்கள். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஓர் உச்சிமாகாளியின் தலையில் ஊசியைக் குத்தித் தைக்க ஆரம்பித்ததும் வரிசையாகப் படுத்திருந்த மற்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள், அவர்களுடைய பிளந்த தோலும் நூலில்லாமலே கூடிக்கொண்டு வந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, ஒருவரை மட்டும் தைத்து இடுப்புக்கும் கட்டுப் போட்டு, மிச்சப் பேரைக் கட்டிலோடு தூக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனார். இன்ஸ்பெக்டர்தான் சலித்துக்கொண்டார்.

"பாட்டில் ஒண்ணு, எறிஞ்சவன் ஒருத்தன். புகார் மட்டும் எதுக்குவே இத்தனை?"

பிறகு ஊர் தன் எல்லையைத் தானே அளந்து கண்டுபிடித்தது. கிழக்கே ஆற்றுப்பாலம், மேற்கே காற்றாலைகள், வடக்கே பொட்டல்காட்டின் கடைசி, தெற்கே பெரியகுளத்தின் அக்கரை. இந்த எல்லைக்குள் இருக்கும்வரை ஒரு பெயருக்கு விழுகிற அடி அந்தப் பெயர்க்காரர் எல்லோருக்கும் விழுந்தது, எல்லையைத் தாண்டிய கணமே அவரவர் தோல் அவரவருக்குத் திரும்பக் கிடைத்தது. குடித்துவிட்டு வந்து பெண்டாட்டி வள்ளியம்மாளைக் கன்னத்தில் அறைந்த ஒரு கொத்தனாரின் வாசலில், அன்றைக்கு மாலைக்குள் ஊரிலுள்ள வள்ளியம்மாள்கள் அத்தனை பேரும் வீங்கிய கன்னத்தோடும் விளக்குமாறோடும் வந்து நின்றார்கள்; அவன் அதன்பின் குடித்தாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் குடித்தான்.

ஆனால் நல்லது நடந்ததைவிடக் கெட்டது அதிகம் நடந்தது. ரைஸ் மில் முதலாளி ஆண்டியப்பனை நெருங்க முடியாத அவருடைய பகையாளிகள், பொட்டல்காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இன்னோர் ஆண்டியப்பனைப் பிடித்துக் கடப்பாரையால் முழங்காலை உடைத்தார்கள். ஏசி அறையில் முதலாளி நாற்காலியிலிருந்து விழுந்தார். மறுநாள் முதலாளி ஆள் அனுப்பி ஆட்டுக்காரனைத் தன் வீட்டு மாடிக்குத் தூக்கிவந்து, வேளைக்குக் கறிச்சோறு போட்டு, வாசலில் காவலும் வைத்தார். ஆட்டுக்காரனுக்கு ஆடுகளின் நினைப்பு வரும்போதெல்லாம் ஆத்திரம் வரும், ஆத்திரம் வந்தால் தன் சுண்டுவிரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கிக்கொள்வான், மேலே அவனும் கீழே முதலாளியுமாக ஒரே குரலில் அலறுவார்கள். ஏழை அடிபட்டால் பணக்காரனுக்கு வலித்தது, அதனால் ஏழைகள்தான் எல்லோராலும் தேடித் தேடி அடிக்கப்பட்டார்கள்.

இந்த ஊரில்தான் ஆவுடைச்செல்வி வாழ்க்கைப்பட்டிருந்தாள். பெரியகுளத்து மீன் குத்தகைக் குடும்பத்தில் இளைய மகன் வெயிலுமுத்துவைக் கட்டிக்கொண்டு வந்தவள், சென்னையிலிருந்த ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே கணினி வேலை பார்த்தாள். அவள் எழுதியவை விதிகள். இணையத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கிற பதிவுகளை ஒன்றோடொன்று கோத்து, யாருக்கு யார் என்ன உறவு, எது எதனுடைய பகுதி என்பதை யாரும் சொல்லாமலே கணினி தானாக ஊகித்துக்கொள்வதற்கான விதிகள். அது என்ன வேலை என்று புரியாமல் வெயிலுமுத்து ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான்.

"ஒருத்தி இன்னொருத்திக்குத் தாய். அந்த இன்னொருத்தி மூணாவது ஒரு ஆளுக்குத் தாய். அப்ப முதல் ஆளு மூணாவது ஆளுக்கு ஆச்சிதானே? இதை மெஷினுக்குச் சொல்லணும்" என்றாள் ஆவுடை. "ஆனா எந்த ஆளுன்னு எனக்குத் தெரியாது. உலகத்துல உள்ள எல்லாருக்கும் சேர்த்து எழுதுதேன். அதனால முதல் ஆளுக்கு 'அ'ன்னு ஒரு பேரை நானா வச்சுக்கிடுவேன், அடுத்தவளுக்கு 'ஆ', மூணாவது ஆளுக்கு 'இ'. அந்த விதிக்குள்ள 'அ' எத்தனை இடத்துல வந்தாலும் ஒரே ஆளுதான். விதி முடிஞ்சு முற்றுப்புள்ளி வச்சதும் அந்தப் பேரோட அதிகாரமும் முடிஞ்சிரும். அடுத்த விதியில வர்ற 'அ' வேற யாரோ. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது."

"அப்ப நம்ம ஊரு பூராவையும் யாரோ ஒரே விதிக்குள்ள எழுதிப்போட்டான்னு சொல்லு."

"அப்படித்தான் இருக்கு. முற்றுப்புள்ளியைக் கொண்டுபோய்ப் பாலத்துல வச்சிருக்கான்."

வெயிலுமுத்து சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான். "மத்த இடத்துல இருக்கிற 'அ' எல்லாத்தையும் வேற எழுத்தா மாத்திட்டா? அந்த ஒரு 'அ' மட்டும் தனியா நிக்கும்லா?"

"நிக்கும்" என்று ஆவுடை சிரித்தாள். அவன் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில் அவளுக்குப் பெருமையாக இருந்தது. அவன் யாரை நினைத்துக் கேட்டான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அவன் நினைத்தது கொம்பையாவை. மீன் வேன் ஓட்டுகிற கொம்பையா, ஊரில் பெயர்கள் ஒன்றாகிப் போவதற்கு முன்பு, குத்தகைத் தகராறில் வெயிலுமுத்துவின் அண்ணன் பலவேசத்தைப் பெரியகுளத்தின் உபரித் தண்ணீர் வழிகிற மறுகாலில் வைத்து, தோளில் வலை இருக்கும்போதே வெட்டிச் சாய்த்தவன். நேரில் பார்த்தவர்கள் எல்லாம் கோர்ட்டில் பார்க்கவில்லை என்று சொல்லிவிட, ஜாமீனில் வெளியே வந்து, எல்லையைத் தாண்டாமல், தினமும் மத்தியானம் ஊர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். அவனை வெட்ட முடியாததற்குக் காரணம் போலீஸ் அல்ல. ஊரில் இன்னும் பல கொம்பையாக்கள் இருந்தார்கள், அதில் ஒருவர் வெயிலுமுத்துவின் சொந்தத் தாய்மாமன். அவனுக்கு விழுகிற வெட்டு மாமனுக்கும் விழும். பலவேசத்தின் அம்மா முத்துப்பேச்சி, மூத்த மகன் செத்த நாளிலிருந்து சோற்றைத் தொடாமல் வெறும் கூழைக் குடித்துக்கொண்டு, தன் கூடப்பிறந்தவனையும் மகனைக் கொன்றவனையும் ஒரே பெயர் காப்பாற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆவுடைக்கு ஆண்பிள்ளை பிறந்தபோதும் பெயர் வைக்க விடவில்லை. "பலவேசம்னுதான் பேரு வைக்கணும். அவன் கணக்கைத் தீத்துட்டு வைப்போம்" என்றுவிட்டாள்.

ஊரில் அப்போது பெயர் கழற்றுவது பரவ ஆரம்பித்திருந்தது. அரசாங்கத்தில் எழுதி மாற்றினால் போதவில்லை. பெயரைக் கழற்ற விரும்புகிறவன் பஜாரில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும், வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் புதுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், பிறகு அவன் அயர்ந்திருக்கும் நேரம் யாராவது முதுகுக்குப் பின்னாலிருந்து பழைய பெயரைக் கூப்பிட, அவன் திரும்பாமல் இருந்தால் பெயர் கழன்றுவிட்டது. தாய்மாமன் முதலில் கழற்றினார். பெயர் கழன்ற அன்று அவர் நாற்பது வருடம் போட்டிருந்த சட்டையை அவிழ்த்தவரைப் போல இரண்டு கைகளாலும் உடம்பை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

மற்றக் கொம்பையாக்களை வெயிலுமுத்துவும் அவன் ஆட்களும் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். சொன்னவுடன் கேட்டவர்களும் உண்டு. கேட்காதவர்களை ஊருக்குள் அடிக்க முடியாது என்பதால், வேனில் ஏற்றிப் பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய் அடித்தார்கள். கருவேலங்காட்டில் சைக்கிள் செயினால் அடித்து, வாயில் மண்ணைத் திணித்து, "உம் பேரு என்னல?" என்று கேட்டுக் கேட்டு, வேறு ஒரு பெயரைச் சொல்கிறவரை விடவில்லை. எலும்பு முறிந்து திரும்பியவர்கள் பாலத்தில் கால் வைக்கும்போதே புதுப்பெயரோடு வந்து, நேரே பஜாரில் போய் உட்கார்ந்தார்கள். கோயில் மேளம் அடிக்கிற கிழவர் கொம்பையா மட்டும் கடைசிவரை, "எங்கம்மா வச்ச பேரு அய்யா, அவ செத்துட்டா, யாருகிட்டப் போய்க் கேட்டு மாத்துவேன்?" என்று அழுதார். அவரை அடித்தபிறகு அவர் எந்தப் பெயருக்கும் திரும்புவதை நிறுத்திவிட்டார். அதுவும் போதும் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள்.

இப்படியாக ஊரில் ஒரே ஒரு கொம்பையா மிஞ்சினான். அது அவனுக்கும் தெரிந்தது. ஒருநாள் ஆணி குத்திப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், தெருவில் வேறெங்கிருந்தும் சத்தம் வராததைக் கேட்டு வெலவெலத்துப் போனான். அவனும் பஜாரில் உட்கார்ந்து, தன் பெயர் இனிமேல் செல்வராஜ் என்றான். கூப்பிட ஒருவரும் வரவில்லை. மாறாக முத்துப்பேச்சி விடிந்ததும் விடியாததுமாகத் தினமும் அவன் வீட்டு வாசலுக்குப் போனாள். கூழ் மட்டும் குடித்து ஒடுங்கிப்போன அந்த உடம்பிலிருந்து எப்படி அவ்வளவு பெரிய குரல் வந்தது என்று தெருவே வியந்தது.

"ஏலே கொம்பையா!"

எவ்வளவு பல்லைக் கடித்தாலும் அவன் கழுத்து தானாகத் திரும்பும். அவள் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். பெயர் கழன்றுவிடாமல் அவள் அதை நாள்தோறும் அவன்மேல் ஆணி அடித்து வைத்தாள்.

எல்லாம் ஆவுடைக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. தான் சாப்பாட்டு நேரத்தில் சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை பாலத்துக்கு அப்பால் எத்தனை பேருடைய எலும்பை முறித்திருக்கிறது என்று தெரிந்தபோது, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்குப் பால் நின்றுபோனது. அவள் புருஷனிடம் மன்றாடினாள்.

"நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா நானும் பிள்ளையும் என்ன செய்ய?"

"அம்மா சோறு திங்க மாட்டேங்காளே ஆவுடை" என்றான் அவன். அவனுக்குக் கொலை செய்கிற ஆசை இருந்ததாகச் சொல்ல முடியாது. சோற்றுப் பானை முன்னால் அம்மா கூழ் குடிக்கிறதைப் பார்த்துப் பார்த்து, அது அவனுக்குச் செய்தே தீரவேண்டிய வீட்டு வேலைபோல ஆகியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை முத்துப்பேச்சி பெரிய பானையில் உலை வைத்தாள். பலவேசத்தின் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றினாள். வெயிலுமுத்து செல்போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, பரணிலிருந்து சாக்கில் சுற்றிய அருவாளை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கொம்பையா ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுகால் பாதையாகத்தான் வீட்டுக்குத் திரும்புவான். அன்றைக்குப் பால்வாடியில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாள். ஆவுடை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று முத்துப்பேச்சி கேட்டதற்கு, "ஊசி போட" என்றாள், அது உண்மைதான்.

பால்வாடியில் தெருப் பெண்கள் எல்லோரும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸம்மா பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரி, வாரம் ஒருமுறை வந்துபோகிறவள்.

"பிள்ளை பேரு என்னம்மா?"

"இன்னும் வைக்கலை" என்று பக்கத்திலிருந்தவள் முந்திக்கொண்டு சொன்னாள்.

"வச்சாச்சு" என்றாள் ஆவுடை.

அவள் குழந்தையை மடியில் கிடத்திக் குனிந்து, அதன் காதில், ஆனால் அங்கிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, மூன்று முறை கூப்பிட்டாள். கொம்பையா. கொம்பையா. கொம்பையா. குழந்தை விரல் சூப்புவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது.

பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் ஆவுடையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? உன் வீட்டுல இன்னைக்கு என்ன நடக்கப்போகுதுன்னு தெரியாதா?"

"தெரிஞ்சுதான் வச்சேன்."

ஒன்றும் தெரியாத நர்ஸம்மா, "கொம்பையாவா? கொம்பையாக் குட்டி, காலை நீட்டுங்க" என்று கொஞ்சிக்கொண்டே தொடையில் ஊசியை இறக்கினாள். அதே நேரத்தில் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்த கொம்பையா தொடையைப் பிடித்துக்கொண்டு துள்ளினான், கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. வேட்டியை விலக்கிப் பார்த்தான், ஒரு துளி ரத்தம். இத்தனை நாளாகத் தனியாக இருந்தவனுக்கு உயிர் திரும்பியது. யாரோ ஒருவர் தன் பெயரில் தன்னோடு இருக்கிறார். அந்தத் தைரியத்தில், வழக்கமாகத் துணைக்கு வருகிற ஆட்களுக்குக்கூடக் காத்திராமல், அவன் மறுகால் பாதையில் தனியாக நடந்தான்.

ஆவுடை பிள்ளையோடு ஓடினாள். குளத்தங்கரை ஏறி அவள் பார்த்தபோது, மறுகால் மதகின் மேல் கொம்பையா முழங்காலிட்டு விழுந்திருந்தான், வெயிலுமுத்துவின் ஆட்கள் இருவர் அவன் தோளை அழுத்திக்கொண்டிருந்தார்கள், முத்துப்பேச்சி எதிரே நின்று அவன் தலைமயிரைப் பிடித்திருந்தாள்.

"நிறுத்துங்க! எம் பிள்ளைக்கு அவன் பேரை வச்சிருக்கேன்! பிள்ளைக்குக் கொம்பையான்னு பேரு வச்சிருக்கேன்!"

வெயிலுமுத்து திரும்பிப் பார்த்தான். மனைவியின் முகத்தையும் அவள் கையிலிருந்த துணிப்பொதியையும் பார்த்தான். அவன் அருவாள் ஓங்கியபடியே நின்றது.

"பொய் சொல்லுதா!" என்று முத்துப்பேச்சி கத்தினாள். "நான் இல்லாம யாரு பேரு வச்சா? வெட்டுல!"

அவனுக்கு அம்மாவை நம்பிப் பழக்கம். அருவாள் இறங்கியது. கழுத்துக்குக் குறிவைத்த வெட்டு, கொம்பையா குறுக்கே கொடுத்த கையில் விழுந்து, முழங்கைக்குக் கீழே எலும்பு தெரியும்படி பிளந்தது. கரையின் மேலிருந்து ஒரு வீறல் கேட்டது. பச்சைப்பிள்ளையின் வீறல் அப்படி இருக்கும் என்று அங்கிருந்தவர்கள் யாரும் அதுவரை அறிந்ததில்லை. ஆவுடையின் சேலை முன்பக்கம் முழுக்கச் சிவந்தது. துணியை விலக்கி அவள் தூக்கிக் காட்டிய கை, ஒரு சின்ன வெண்டைக்காய் அளவே இருந்த கை, முழங்கைக்குக் கீழே பிளந்து கிடந்தது.

"பாருங்க! பாத்துக்கிடுங்க!" என்று அவள் கத்தினாள். "இன்னும் வெட்டணுமா? வெட்டுங்க!"

வெயிலுமுத்து அருவாளைக் குளத்துக்குள் எறிந்தான். எறிந்த வேகத்திலேயே மண்டியிட்டு, கொம்பையாவின் வெட்டுப்பட்ட கையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தான். முத்துப்பேச்சி பிடித்திருந்த தலைமயிரை விட்டாள். பிறகு தன் முந்தானையைக் கிழித்து, தன் மூத்த மகனைக் கொன்றவனின் கையைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள், கட்டிக்கொண்டே, "ரத்தத்தை நிறுத்துங்கலே, ஏலே, ரத்தத்தை நிறுத்துங்க" என்று யாரையோ பார்த்து அலறினாள். அங்கே துணி நனைய நனைய இங்கே பிள்ளையின் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. வெயிலுமுத்து பகையாளியைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினான். பஜார் வழியாக அவன் ஓடியதை ஊரே பார்த்தது. வெட்டியவன் வெட்டுப்பட்டவனைச் சுமந்தபடி, "சாகாதல, கொம்பையா, சாகாதல" என்று கெஞ்சிக்கொண்டே போனான்.

டாக்டர் பெரிய கையைத் தைத்தார். சின்னக் கையைத் தொடக்கூடப் பயமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னார். ஒவ்வொரு குத்துக்கும் பிள்ளை வீறிட, முத்துப்பேச்சி அடுத்த கட்டிலில் கிடந்த கொம்பையாவின் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "அசையாம இருல, ஊசி விலகிரும்" என்று அதட்டினாள். இன்ஸ்பெக்டர் வந்து யார் வெட்டியது என்று கேட்டபோது, கொம்பையா அடுத்த கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, மதகில் வழுக்கித் தகரத்தில் விழுந்துவிட்டேன் என்றான்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அன்றிலிருந்து ஆவுடை புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். அவன் ஒரு மாதம் கழித்து, பிள்ளையைக் கையில் வாங்க அனுமதி கேட்பவனைப் போல வந்து நின்றான்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு பாத்திருக்கேன். அங்க போயிருவோம். அங்க பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

ஆவுடை அன்றுதான் வாயைத் திறந்தாள். "நாங்க போன மறுநாள் அவனை என்ன செய்வீங்க?"

பிள்ளையை வாங்க நீட்ட வந்த கைகளை அவன் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அதுக்குத்தான் போகலை."

அதற்குப் பிறகு கொம்பையா நடந்த நடையை ஊரே வேடிக்கை பார்த்தது. வேனை விற்றுவிட்டான். கெட்டியான டயர் செருப்பு போட்டு, ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தான். முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவன் இப்போது மாட்டு வண்டி வந்தாலும் சுவரோடு ஒட்டி நின்றான். அப்படியும் தப்பவில்லை. ஒருநாள் சவரக் கத்தி தாடையில் கீறிவிட, மறுநாள் ரேஷன் கடை வரிசையில், மயிர் முளைக்காத அந்தப் பிள்ளையின் தாடையில் அதே கீறலைப் பார்த்தான். அன்றிலிருந்து தாடி வளர்த்தான். ராத்திரி கனவில் புரண்டு விழுந்துவிடுவோமோ என்று பயந்து தரையில் படுத்தான், தரையிலும் தூக்கம் வரவில்லை. பலவேசத்தை யோசிக்காமல் வெட்டியவன் வெங்காயத்தைக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்து நறுக்கி வாங்கினான்.

ஒரு மாலை அவன் ஆவுடையின் வீட்டு வாசலுக்கு வந்தான். கையெடுத்துக் கும்பிட்டான்.

"தாயி, நீங்க என் உசுரைக்..."

"உன்னைக் காப்பாத்தணும்னு செய்யலை" என்றாள் ஆவுடை. "எம் புருசன் கொலைகாரனா ஆகக்கூடாதுன்னு செஞ்சேன். எம் பிள்ளை கையில தழும்பு கிடக்கு. அதுக்கு நீயும் காரணம், அவரும் காரணம், நானும் காரணம். உன்கிட்ட ஒண்ணு கேக்கேன். எங்க பெரியத்தானை, அவரு அண்ணனை, நீ வெட்டினியா, இல்லையா?"

உள்ளே முத்துப்பேச்சி அடுப்பை ஊதுவதை நிறுத்தியது கேட்டது. கொம்பையா தலையைக் குனிந்தான்.

"வெட்டினேன்."

"அதைக் கோர்ட்ல சொல்லு. சொல்லிட்டுப் பாலத்தைத் தாண்டிப் போ. எம் பிள்ளை உடம்பை எம் பிள்ளைகிட்டக் குடுத்துட்டுப் போ."

அவன் போய்விட்டான். வாய்தா நாளில், வக்கீல் எவ்வளவோ கண்ணைக் காட்டியும் கேட்காமல், கூண்டில் நின்று நடந்ததை நடந்தபடி சொன்னான். வலை தோளில் இருந்ததையும், பலவேசம் கடைசியாக, "தண்ணி குடிச்சிட்டு வாரேன், பொறு" என்று சொன்னதையும்கூட மறைக்கவில்லை. அந்தக் கடைசி வார்த்தையை வெயிலுமுத்து வீட்டுக்கு வந்து சொன்னபோது, முத்துப்பேச்சி ஒரு வருஷத்துக்கும் மேலாக அடக்கி வைத்திருந்த ஒப்பாரியை எடுத்தாள்; அது முடிய ரெண்டு நாள் ஆனது. முடிந்ததும் குளித்துவிட்டு வந்து, இலை போடச் சொன்னாள்.

ஆயுள் தண்டனை விழுந்து கொம்பையாவை ஊர் ஸ்டேஷனிலிருந்து ஜெயிலுக்குக் கொண்டுபோன அன்று, பலவேசத்தின் பங்காளிகள் சிலர் கல்லோடு பஜாரில் நின்றார்கள். போலீஸ் வேனுக்கு முன்னால் வெயிலுமுத்து இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தான். "ஒரு கல்லு விழக்கூடாது. விழுந்தா எவனா இருந்தாலும் விடமாட்டேன்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, ஆற்றுப்பாலம் வரைக்கும் அப்படியே போய்ச் சேர்ந்தான். வேன் பாலத்தின் நடுவைத் தாண்டும்வரை நின்று பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். கல் வைத்திருந்தவர்களில் ஒருவன் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஆனாலும் பாலத்துக்கு அப்பால் அவனுக்கு விழுகிற அடி பிள்ளையைத் தொடாது என்று ஆவுடையால் நம்ப முடியவில்லை. ஜெயிலில் அடிதடி நடக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள். தினமும் காலையில் பிள்ளையைத் துணியில்லாமல் பாயில் கிடத்தி, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை தடவித் தடவிப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. மறுநாளும் பார்ப்பாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், அவள் கணினி முன்னால் உட்கார்ந்து வேலையில் மூழ்கியிருந்தபோது, அடுக்களைப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தமும் அதைத் தொடர்ந்து வீறலும் கேட்டது. அவள் ஓடினாள், அவளுக்கு முன்னால் முத்துப்பேச்சி ஓடினாள். பிள்ளை நிலைப்படிக்குக் கீழே குப்புறக் கிடந்தது. தூக்கினார்கள். கீழுதடு கிழிந்து, புதிதாக முளைத்த பல்லெல்லாம் ரத்தம்.

"ஜெயில்ல அடிக்காங்களா? அவனை அங்கயும் அடிக்காங்களா?" என்று முத்துப்பேச்சி பாலம் இருக்கிற திசையைப் பார்த்துப் பதறினாள்.

ஆவுடை நிலைப்படியைக் குனிந்து பார்த்தாள். மரத்தின் விளிம்பில் ரத்தமும் எச்சிலும் ஈரமாக இருந்தது. பக்கத்தில் கவிழ்ந்துகிடந்த முக்காலியும், அதைப் பிடித்து எழுந்து நிற்க முயன்ற சின்ன விரல்களின் மாவுத் தடமும் இருந்தன.

"யாரும் அடிக்கலை அத்தை" என்றாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அவனா எந்திரிச்சு நின்னிருக்கான். அவனா விழுந்திருக்கான்."

முத்துப்பேச்சி பிள்ளையை மடியில் வாங்கி, டப்பாவிலிருந்து ஒரு கிள்ளு சீனி எடுத்து, கிழிந்த உதட்டில் வைத்து அழுத்திப் பிடித்தாள். "ஒண்ணுமில்லல, கொம்பையா, ஒண்ணுமில்ல" என்றாள். கொம்பையா இன்னும் கொஞ்சம் அழுதான். பிறகு சீனியின் ருசி தெரிந்ததும் அழுகையை நிறுத்தி, நாக்கை நீட்டி, இன்னும் கொஞ்சம் கேட்டான்.